நானூறு சதவீதக்காரர்

படத்தைப் பார்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். படத்துக்குள் குடியேறுபவர்களைத் தெரியுமா? பெரிய அளவில் பிரிண்ட் போடும் கடைக்குப் போய்ப் பாருங்கள். ஆறடிப் படத்தின் முன்னால், மூக்கு நுனி காகிதத்தில் உரசும்படி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையில் பேன் பார்ப்பது போல அங்குலம் அங்குலமாக ஊர்ந்துகொண்டிருப்பார் ஒருவர். அது என்ன படம் என்று கேளுங்கள். தெரியாது. ஆனால் மேல் மூலையில் ஒரு முடி இருப்பது தெரியும்.

ஒரு கணக்கு வாத்தியாரை நான் முதலில் பார்க்க நேர்ந்ததும் அப்படியொரு கடையில்தான். ஃபிலிமில் எடுத்த படத்தை ஸ்கேன் செய்து கண்காட்சிக்காக ஆறடிக்குப் பெரிதாக்க வந்திருந்தார். கைகளில் வெள்ளைக் கையுறை, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. நெகட்டிவை அவர் வெளியே எடுத்த பக்குவத்தில் பச்சைக் குழந்தையைக்கூட யாரும் தூக்கியிருக்க மாட்டார்கள்.

படத்தின் பெயர் 'நாற்பத்தேழு கொக்குகள்'. கீழே ஏரி, மேலே கருமேகம், மேகத்தின் குறுக்கே கொக்குக் கூட்டம். முழங்கால் சேற்றில் நின்று எடுத்தது அவர். கேமராவுக்குக் குடை பிடித்து, தான் நனைந்துகொண்டே கொக்குகளை எண்ணிச் சொன்னது அவர் மனைவி. கண்காட்சியில் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவர் வாத்தியாருக்குக் கிடைத்திருந்தது. இருபது வருஷத்தில் முதல் சுவர். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் படம் ஏறாவிட்டால் சுவர் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. போனில் பூனையை எடுப்பவன்.

"முடியலன்னா சொல்லிடுங்க அத்தான். என் பூனை ரெடியா இருக்கு."

இந்த வகையினர் ஸ்கேனைத் திரையில் முழுதாக வைத்துப் பார்ப்பதை ஒழுக்கக்கேடாகவே கருதுவார்கள். நானூறு சதவீதம் பெரிதாக்கி, நகக்கண் அளவு வானத்தைத் திரை முழுக்க விரித்து வைத்துக்கொண்டு உட்கார்வார்கள். நெகட்டிவில் ஒட்டிய தூசி படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். அதைத் தேடித் தேடி அழிப்பார்கள். வாத்தியார் மூன்று வாரம் அழித்தார். சாப்பிடக் கூப்பிட்டால் "இன்னும் ரெண்டே தூசி" என்பார். விடைத்தாள் திருத்தும்போது தசமப் புள்ளிகளை ஊதிப் பார்த்தார். போகாதவற்றை ரப்பரால் அழித்தார். ஒரு மாணவி கட்டிய 2.5 மீட்டர் சுவர் இருபத்தைந்து மீட்டராக வளர்ந்து, பாவம், மதிப்பெண்ணைத் தின்றது.

பிரிண்ட்கடைக்காரர் சோதனைக்கு ஒரு சாண் அகலத் துண்டு மட்டும் முதலில் அடித்துக் காட்டுவார். வாத்தியாருக்கு ஒன்பது துண்டு அடித்துக் கொடுத்தார். ஒன்பதும் கீழ் ஓரத்து நாணல். பத்தாவதாகத்தான் முழுப் படம் வெளியே வந்தது. கடைக்காரர் அதைச் சுருட்டிக்கொண்டே, "வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கே சார்" என்றார்.

"மூணு வாரம் உழைப்புங்க" என்று வாத்தியார் வெட்கப்பட்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் படம் சுவரில் ஏறியது. மேல்தாளை உரித்ததுமே வாத்தியார் மூக்கை நாணலில் வைத்துவிட்டார். மனைவி வாசல் வரை பின்னால் போய் நின்று பார்த்தார்.

"ஏங்க."

"ம்."

"கொக்கெல்லாம் எங்கங்க?"

"மேல இருக்கும் பாரு."

"மேல ஒண்ணுமில்ல. நீங்க கொஞ்சம் இங்க வாங்க."

மூன்று வாரத்தில் முதல் தடவையாக வாத்தியார் பத்தடி பின்னால் வந்தார். ஏரி இருந்தது. கருமேகம் இருந்தது. தூரத்துக் கொக்கும் வெள்ளைப் புள்ளிதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அத்தான், பூனை வண்டியிலதான் இருக்கு" என்றான் மைத்துனன், மிகவும் மரியாதையாக.

வாத்தியார் காதில் அது விழவில்லை. அவர் கண் மேகத்தின் வலது ஓரத்தில் குத்திட்டு நின்றது. அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி. கை தானாகச் சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பேனாவை உருவியது.

"அட, ஒண்ணு விட்டுப் போச்சே" என்று பாய்ந்தார்.

மனைவி அதைவிட வேகமாகப் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொட்டீங்கன்னா நடக்கறதே வேற. அது ஒண்ணுதான் மிச்சம்."

பேனாவைப் பிடுங்கி, பெயர்ச்சீட்டில் இருந்ததை அடித்துவிட்டு 'நாற்பத்தேழாவது கொக்கு' என்று எழுதினார். மணி பத்து. பூனை வண்டியிலேயே இருந்தது. வந்தவர்கள் அந்த ஒற்றைக் கொக்கின் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மத்த நாப்பத்தாறும் எங்க போச்சோ" என்றார். வாத்தியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? சரி, பிள்ளை ஆசையாய் வரைந்து நீட்டிய படத்தில் உங்கள் கண் முதலில் எங்கே போனது? கோட்டைத் தாண்டிய வண்ணத்துக்குத்தானே? சற்றுமுன் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஏதோ புள்ளி என்று நகத்தால் சுரண்டிப் பார்த்ததும் நீங்கள்தானே?

படம் இப்போது வாத்தியார் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதற்குப் பத்தடி முன்னால் மனைவி தரையில் எல்லைக்கோடாக நாடா ஒட்டியிருக்கிறார். வாத்தியார் நாடாவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.