நாற்பது பேருக்கு முன்னால் நான் வாசிக்கப்போவது பற்றி

பொஸ்னான், அக்டோபர் 9

பெருமதிப்பிற்குரிய வாண்டா அக்காவுக்கு,

தம்பி போகுமில் வணங்கி எழுதுவது. உன் முழங்கால் இதற்குள் மாடிப்படியோடு சமாதானமாகியிருக்கும் என்றும், அத்தானின் இருமல் அடங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. என் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்ததாக யாராவது சொன்னால் பயப்படாதே. வந்தது உண்மைதான்; ஆனாலும் எனக்கு ஒன்றுமில்லை.

உன் எழுபதாவது பிறந்தநாளில் பாலாட் என்கிற அந்தப் பெரிய, கஷ்டமான உருப்படியை நான் பியானோவில் வாசிப்பேன் என்று நாற்பது பேருக்கு அழைப்பு அனுப்பிவிட்டாயாம். அக்கா, நான் சொன்னது "வாசித்தாலும் வாசிப்பேன்" என்றுதான். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன், ஒன்பது வருஷமாகப் பியானோ கற்கிறேன், வால்ட்ஸ் என்கிற சின்னச் சின்ன நடன மெட்டுகள் கைக்கு வந்திருக்கின்றன. பெரிய உருப்படிக்கு நான் தயாரா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டிராமுக்குத் தேர்வு வைத்தார்கள், உரிமச் சீட்டுக் கொடுத்தார்கள், ஓட்டினேன். இதற்குச் சீட்டுக் கொடுப்பார் யாருமில்லை. அதனால் என் ஆசிரியை யோவிதாவையே கேட்டேன். இருபத்தாறு வயதுப் பெண், கண்டிப்பானவள்.

"முதல்ல பாதி வேகத்துல தப்பில்லாம வாசிங்க சார். தப்பு வந்தா இன்னும் மெதுவா."

"எவ்வளவு மெதுவாம்மா?"

"தப்பு வராத அளவுக்கு."

வீட்டுக்கு வந்து பாதி வேகத்தில் வாசித்தேன், தப்பு. கால் வேகத்தில் வாசித்தேன், தப்பு. கடைசியில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் எழுந்துபோய் அடுப்பிலிருக்கும் வெள்ளரி ஊறுகாய் சூப்பைக் கிளறிவிட்டு வரலாம் என்கிற வேகத்துக்கு இறங்கியபோது ஒரு தப்புகூட வரவில்லை. அந்த மகிழ்ச்சியில் உண்மையிலேயே கிளறப் போனேன். கீழ்வீட்டு செவரினை உனக்குத் தெரியுமே, ரொட்டிக் கடை வைத்திருந்தவன். அவனுக்கு மேலிருந்து ஒரு சத்தம், நெடுநேரம் கழித்து இன்னொரு சத்தம், அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. நான் பியானோ மேலேயே சாய்ந்துவிட்டேன் என்று முடிவு கட்டி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டான்.

கையில் கரண்டியோடு கதவைத் திறந்தேன். ஒரு பெண் டாக்டர், ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர், பின்னால் அழுதுகொண்டு செவரின்.

"படுங்க."

"நான் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." நாடியைப் பிடித்துப் பார்த்தார். "ஏன் இப்படி ஓடுது?"

"பாலாட் வாசிச்சேன்."

அவர் பியானோவின் மேலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். முகமே மாறிவிட்டது. உட்கார்ந்து முதல் எட்டு வரியை வாசித்தார். அக்கா, என் பியானோவுக்குள் இப்படியெல்லாம் இருக்கிறது என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. எட்டாவது வரியில் நிறுத்திவிட்டு, "பதினெட்டு வயசுல இங்கதான் கத்துக்கிறதை விட்டேன். இப்ப நீங்க வாசிங்க" என்றார். வாசித்தேன்.

"மூச்சு விடுங்க சார்! மணிக்கட்டு என்ன, பிரேக்கைப் பிடிச்ச மாதிரி இருக்கு?"

"முப்பத்தோரு வருஷம் அதைத்தான் பிடிச்சேன்."

"கை வலிக்குதா?"

"முழங்கை வரைக்கும். உழைச்சா வலிக்கும்தானேன்னு நினைச்சேன்."

"வலிச்சா இன்னும் தயாராகலைன்னு அர்த்தம்" என்று புத்தகத்தை மூடினார். நான் மூடிய புத்தகத்தையே தடவிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தோ என்னவோ, "உங்களுக்குப் பிடிச்சது ஒண்ணு வாசிங்களேன்" என்றார். சின்ன வால்ட்ஸ் ஒன்றை வாசித்தேன். ஆட்கள் இருவரும் ஸ்ட்ரெச்சர் மேலேயே உட்கார்ந்து கேட்டார்கள். செவரின் மூக்கைச் சிந்திக்கொண்டு, "தினமும் ரேடியோவை அணைச்சிட்டு இதைத்தான்யா கேக்குறேன். உனக்கு எதுக்கு அந்தப் பெரிய கண்றாவி?" என்றான்.

மறுநாள் யோவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "டாக்டர் சொன்னது சரிதான். வலியில்லாம வாசிக்க வந்தப்புறம்தான் அதைத் தொடணும்" என்றாள். வலியில்லாமல் வாசிக்க எப்படி வரும் என்று கேட்டேன். "அதையே வாசிச்சு வாசிச்சுத்தான்" என்றாள். அக்கா, நீ படித்தவள். இது உனக்குப் புரிகிறதா?

எனக்குப் புரியவில்லை. ஆனால் முடிவு செய்துவிட்டேன். வால்ட்ஸ்தான் வாசிப்பேன். நாற்பது பேருக்கும் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. கசகசா கேக் இருந்தால் ஏமாற்றம் பாதி குறையும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். கடவுள் உன் முழங்காலையும் மற்ற எல்லாவற்றையும் காக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
போகுமில்

பி.கு.: உறையைத் தேடப் போனவன், பியானோவின் மூடி திறந்திருந்ததால் சும்மா கையை ஓடவிட்டேன். எதை வாசிக்கிறேன் என்று கவனித்தபோது பாலாட்டின் இரண்டாம் பக்கம் முடிந்திருந்தது. கை வலிக்கவில்லை. கீழிருந்து செவரின் கத்துகிறான்: "டாக்டரம்மா திரும்ப வந்துட்டாங்களாய்யா?" மறுபடி வாசித்துப் பார்த்தேன், நான்கு தப்பு. அக்கா, வால்ட்ஸ் என்று யாரிடமும் சொல்லிவிடாதே. பாலாட் என்றும் சொல்லாதே. உன் பியானோவுக்குச் சுருதி மட்டும் சேர்த்து வை.