பழைய கார்டுக்கு ஒரு பரீட்சை

எப்படியாவது இந்த மாதத்துக்குள் ஒரு புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிடுவது என்று லோர்ன் முடிவு கட்டினான். கம்ப்யூட்டரில் படங்களை ஓடவைக்கும் அந்தக் கார்டு அவனிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. நன்றாகவும் ஓடியது. அதுதான் சிக்கல். நன்றாக ஓடுகிற எதையும் மாற்ற அவன் மனைவி மார்லிஸ் சம்மதிக்க மாட்டாள். அவள் சம்மதமில்லாமல் அந்த வீட்டுக்குள் ஒரு சுத்தியல்கூட நுழைந்ததில்லை.

ஆகவே கார்டு தோற்க வேண்டும். அதுவும் அவள் கண்ணெதிரே.

கார்டுகளுக்கென்றே ஒரு பரீட்சை உண்டு. திரையில் ஒரு டிராகன் காட்டுக்கு மேலே பறக்கும். அது எவ்வளவு வழுக்கிக்கொண்டு பறக்கிறதோ அவ்வளவு மார்க். லோர்ன் வீட்டுக்கு அடியில் இருந்த பேஸ்மென்ட் அறையில் தன் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தான். காற்று புகும் வழியில் ஒரு கம்பளிச் சாக்ஸைத் திணித்தான். காற்று கிடைக்காவிட்டால் கார்டு சூடாகும். சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மூடியைப் போட்டுவிட்டு மனைவியைக் கூப்பிட்டான்.

டிராகன் மூட்டுவலிக்காரனைப் போல நின்று நின்று பறந்தது.

"பாத்தியா மார்லிஸ்? செத்துக்கிட்டிருக்கு."

"நேத்து நல்லாத்தானே ஓடிச்சு? நீ விசிலடிச்சது மேல வரைக்கும் கேட்டுச்சே!"

"எல்லாம் சூடு. சூடுதான் இதுக்கு எமன். ஜில்லுனு இருந்தா குதிரை மாதிரி ஓடும்."

"அப்ப ஜில்லுனு வெச்சுக்கோயேன்."

"ஜில்லுக்கு நான் எங்க போவேன்?"

ஊர் சாஸ்கடூன். மாதம் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பது. இந்தக் கேள்வியைக் கேட்ட வாயை அவன் அங்கேயே தைத்திருக்கலாம்.

மார்லிஸ் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். "பாவம்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

அவ்வளவுதான். சண்டை இல்லை. 'போன வருஷம்தானே வாங்கினே' இல்லை. லோர்ன் அவள் போன படிக்கட்டையே பார்த்தான். யார் பாவம்? கார்டா, தானா? சாப்பாட்டு மேஜையில் பெரோகிக் கொழுக்கட்டையின் மேல் அவன் கேட்காமலே அவள் இன்னொரு கரண்டி புளிப்புக் கிரீம் ஊற்றினாள். அதையும் அவன் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றான். அவள் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாட்டெல்லாம் பாடற?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது பாடுவாங்களா?"

"உன் கார்டுக்கு ஒரு வழி பண்றேன் ராசா. பேசாம சாப்பிடு."

வழி என்றால் புதுசுதானே? புதுசாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் சனிக்கிழமை, பனித்தரையில் கல்லைத் தள்ளும் கர்லிங் ஆட்டத்தில் அவன் தள்ளிய கல் ஒன்றுகூட நேராகப் போகவில்லை. மனம் முழுக்க வீட்டில் இருந்தது.

திரும்பி வந்து பேஸ்மென்ட்டில் இறங்கினான். அவன் மேஜை இருந்த இடத்தில் போர்வை தைக்கும் பெரிய மரச்சட்டம். அதைச் சுற்றி மார்லிஸின் தையல் குழுப் பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"என் கம்ப்யூட்டர் எங்க?"

"கார் ஷெட்ல. நாங்க எல்லாரும் சேர்ந்து தூக்கினோம். போய்ப் பாரு, பறக்குது!" என்றாள் மார்லிஸ்.

ஷெட்டில் பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் அவன் மேஜை, அவன் நாற்காலி, அவன் பெட்டி. டிராகன் வெண்ணெயில் வழுக்குவது போலப் பறந்துகொண்டிருந்தது. அந்தக் கார்டு பிறந்ததிலிருந்து வாங்காத மார்க். லோர்னுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உள்ள ஒரு சாக்ஸ் இருந்துச்சு" என்றாள் பின்னால் வந்து நின்ற மார்லிஸ்.

"எலி உள்ள இழுத்துட்டு வந்திருக்கும்."

"இருக்கும். மூடியத் திறந்து, திரும்ப மூடி, ஸ்குரூவும் போட்டிருக்கு. கெட்டிக்கார எலி. சரி, இனிமே புதுசு வேணுமா?"

லோர்ன் திரையைப் பார்த்தான். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு எந்த வாயால் கேட்பது?

"ஒரு... ஒரு ஹீட்டராவது வாங்கித் தாயேன்."

"ஐயையோ, மார்க் குறைஞ்சிடுமே! மே மாசம் பேசிக்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

லோர்ன் பரீட்சையை மறுபடி ஓட்டினான். மார்க்குக்காக இல்லை. பெட்டியின் பின்பக்கம் வரும் வெதுவெதுப்பான காற்றில் கையைக் காட்டிக் குளிர்காயத்தான்.