வரகுச் சோறும் பெருமாள் கண்ணும்

விருத்தாசலம்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை மதியம்.

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை சேரன் அவர்களுக்கு,

மாமனார் விருத்தகிரி எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் இனியாவும் அவள் வயிற்றில் இருக்கும் சின்னவரும் சுகமாக இருக்கப் பழமலைநாதர் துணை இருப்பாராக. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். சூளை சுகம். சூளையோரம் சுருண்டு கிடக்கும் பூனையும் சுகம். பொம்மைகள்தான் சுகமில்லை. அதற்குக் காரணம் நீங்கள் என்று நேரில் சொல்ல வாய் கூசுகிறது, அதனால் எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன் போட்டால் இனியா அதை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் சோற்றுப் பேச்சை எடுத்தாலே அவளுக்குக் கண் கலங்கிவிடுகிறது. மாசமாக இருக்கும் பெண்ணை அழவைத்த பாவம் எனக்கு எதற்கு? ஆகவே உங்கள் ஆஸ்பத்திரி விலாசத்துக்கே கூரியர் செய்கிறேன். உங்கள் அத்தை இப்போது பட்டறையிலேயே மின்விசிறிக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்திருக்கிறாள். அவள் எழுந்திருப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

சித்திரையில் நீங்கள் வந்திருந்தபோது என் சர்க்கரைப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, உணவு ஆலோசகர் உத்தியோகத்துக்கே உரிய அமைதியோடு, "மாமா, அரிசி உங்களுக்கு எதிரி இல்லீங்க. நீங்க அதை மலையா குவிக்கிறீங்க பாருங்க, அந்த மலைதான் எதிரி" என்றீர்கள். நம் ஊருக்குப் பழமலை என்று ஒரு பெயர் உண்டு. வெளியூர்க்காரர்கள் வந்து மலை எங்கே என்று தேடுவார்கள். உங்கள் அத்தை என் தட்டைத்தான் காட்டுவாள். அந்த மலையைத் தாங்கள் ஒரே நாளில் பெயர்த்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் வரகுச் சோறு, கீரை, மோர் என்று வைத்துவிட்டுப் போனீர்கள். நானும் அன்றைக்கே அதைச் சாப்பிட ஆரம்பித்தேன். கண் டாக்டர் வேறு, கண்ணுக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய ரத்தக்குழாய்கள் கசிய ஆரம்பித்திருக்கின்றன, இப்படியே சாப்பிட்டால் பார்வை போய்விடும் என்று சொல்லியிருந்தார். பேரக்குழந்தையின் முகத்தைத் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமோ என்று அன்று பயந்தேன். அந்தப் பயம் இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் மாப்பிள்ளை, என் தொழில் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பொம்மைக்குக் கடைசியாகச் செய்வது கண். காலையில் முகத்துக்குப் பூசும் வர்ணம் மதியத்துக்குள் காயும். நான் சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்து கண் திறப்பேன். அந்த வேலையை மட்டும் வேறு யாரிடமும் விட்டதில்லை. அந்த நேரத்தை நீங்கள் அனுபவித்ததில்லை. வயிற்றில் மலை, மலைமேல் நெய், காரக்குழம்பு, ரசம், கடைசியில் கெட்டித் தயிர். சூளை ஆறிக்கொண்டிருக்கும். ஈர மண் வாசனை வரும். ஜங்ஷனில் ஏதோ ஒரு ரயில் புறப்பட மனமில்லாமல் பெருமூச்சு விடும். என் உடம்பு பலகையில் உட்கார்ந்திருக்கும், நான் மட்டும் மெல்ல எழும்பி மணிமுத்தாற்றுக்கு மேலே மிதந்து போவேன். ஆற்றில் தண்ணீருக்குப் பதில் ரசம் ஓடும், கொத்தமல்லி மிதக்கும். கரையில் நாரைகள் அப்பளத்தைக் கவ்விக்கொண்டு நிற்கும். கை தன்பாட்டுக்குக் கண் வரைந்துகொண்டிருக்கும். விழித்துப் பார்த்தால் வரிசையாகப் பெருமாள், லட்சுமி, புத்தர், செட்டியார், எல்லாரும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, உலகத்தை மன்னித்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அது பக்தி என்றுதான் ஊரெல்லாம் நினைத்தது. உண்மையில் அது என் மதியச் சோறு.

இப்போது வரகு சாப்பிடுகிறேன். தூக்கமே வருவதில்லை. கை தெளிவாக இருக்கிறது, கோடு நேராக வருகிறது. விளைவு என்ன தெரியுமா? நவராத்திரிக்கு அனுப்பிய முதல் லோடு பாண்டிச்சேரி போய் இறங்கியதும் கடைக்காரர் திருமாலிடமிருந்து போன். "அண்ணே, உங்க பெருமாள் என்னாண்ணே இப்படி மொறைக்கிறாரு? பள்ளிகொண்ட பெருமாள் படுத்துக்கிட்டே டிக்கெட் செக்கர் மாரி பாக்குறாருண்ணே. புத்தர் சேத்தியாத்தோப்புல பஸ்ஸுக்கு நிக்கிறாப்ல இருக்குது. வெண்ணெய் திருடுற கிருஷ்ணன் திருடன புடிக்க வந்தவராட்டம் நிக்கிறாரு. நேத்து ஒரு அம்மா லட்சுமிய வாங்கிட்டுப் போயி, பயந்துபோயி செவுத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்காங்க. பழைய கண்ணு இருந்தா அனுப்புங்க. இல்லன்னா லோடு அப்படியே திரும்பி வந்துடும்" என்றார். அவர் எடுக்காவிட்டால் இந்த வருஷம் பட்டறையில் சூளையை அணைத்துவிட்டுப் பூனையோடு நானும் சுருண்டுகொள்ள வேண்டியதுதான்.

விழித்த நிலையிலேயே தூங்கும் கண்ணை வரைந்து பார்த்தேன். இமையைக் கொஞ்சம் இறக்கினால் முருகனுக்குக் காய்ச்சல் கண்டது போல் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறக்கினால் முருகன் கள்ளுக்கடையிலிருந்து நேராக வந்தது போல் இருக்கிறது. வேறு வழியில்லாமல் போன வாரம் ஒரு காரியம் செய்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கூரியர் ஆபீஸுக்குப் போகிறேன் என்று உங்கள் அத்தையிடம் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஓட்டலில் புகுந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். பரிமாறுகிறவர் மூன்றாவது முறை வாளியோடு வந்தபோது நான்தான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். திரும்பி வந்து பிரஷைப் பிடித்தேனோ இல்லையோ, ஆறு, ரசம், நாரை எல்லாம் வந்துவிட்டன. கண்களும் வந்தன, மாப்பிள்ளை! என்ன சாந்தம்! ஆனால் ஒரு லட்சுமிக்குக் கண் கன்னத்தில் வந்துவிட்டது. எனக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கிறது. அன்று சாயங்காலம்தான் இனியா ஸ்கேன் படத்தைப் போனில் அனுப்பினாள். உங்கள் அத்தை, "மூக்கப் பாருங்க, எவ்ளோ அழகா இருக்குது" என்று திரும்பத் திரும்பக் காட்டினாள். எனக்கு வெறும் புகை தெரிந்தது. "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கொல்லைப்புறம் நின்றேன். அழுதேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

வரகையும் ஒரேயடியாக விட முடியாதபடி இன்னொரு சிக்கல். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து பூவாயி என்று ஒரு அம்மா சந்தைக்கு வருகிறாள். உங்கள் அத்தை அவளிடம்தான் வாங்குகிறாள். என் தட்டைப் பார்த்து எதிர்வீடு வாங்கியது, எதிர்வீட்டைப் பார்த்துத் தெருவே வாங்குகிறது. "வானம் பாத்த நெலங்க்கா. மோட்டாரு போட வழியில்லாம சும்மா போட்டு வச்சிருந்தோம். இப்ப உங்க தெருவுல கேக்குறாங்கன்னு மேட்டுக் காட்டுலயும் வெதைச்சிட்டேன்" என்றாளாம். நான் ஒரு வாய் மாற்றிச் சாப்பிட்டால் அங்கே ஸ்ரீமுஷ்ணத்து மேட்டுக்காடு பச்சையாகிறது, இங்கே பாண்டிச்சேரியில் லட்சுமி சுவரைப் பார்த்து நிற்கிறாள். ஒரு மனுஷன் வாய்க்கு இத்தனை பொறுப்பு இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே என் வேண்டுகோள்: நவராத்திரி லோடு முடியும் வரைக்கும், கண் திறக்கிற நாட்களில் மட்டும், மதியம் ஒரு மலைக்கு, முழு மலை முடியாவிட்டால் ஒரு குன்றுக்காவது, தாங்கள் பெரிய மனது பண்ணி அனுமதி தர வேண்டும். சரஸ்வதி பூஜை முடிந்த மறுநாளே வரகுக்குத் திரும்பிவிடுகிறேன். கண்ணுக்கு அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது என்று நினைக்கிறேன். ஆகிவிடுமா? அதையும் எழுதவும். இனியாவை மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா அப்பாவுக்கு என் வணக்கம். சின்னவருக்கு, அவர் காதில் விழும்படி, தாத்தாவின் ஆசீர்வாதம்.

என்றும் தங்கள் நலம் நாடும் மாமனார்,
விருத்தகிரி

பி.கு.: மேலே உள்ளதைப் படித்திருந்தால் மறந்துவிடவும்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, உங்கள் அத்தை எழுந்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தேன். எழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் மதியம் தூங்கி நான் பார்த்ததில்லை, மாப்பிள்ளை. எப்படிப் பார்த்திருப்பேன்? நான் மலையைத் தின்றுவிட்டு ஆற்றுக்கு மேலே மிதந்த நேரமெல்லாம் அவள் அந்த மலைக்கும் ரசத்துக்கும் குழம்புக்கும் ஆன பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். அதை முடித்தால் ராத்திரிக்கு அரைக்க வேண்டும். இப்போது ஒரு குக்கர், ஒரு சட்டி. இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறோம், சேர்ந்து எழுந்திருக்கிறோம். கொஞ்ச நாளாகவே அவள் இப்படிப் படுக்கிறாள். நான்தான் கடைக்காரர் திருமால் கொடுத்த கவலையில் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் கண் முழுக்க மூடவில்லை. இமைக்குக் கீழே ஒரு கீற்று வெள்ளை தெரிகிறது. முகத்தில் யார் மேலும் ஒரு குறையும் இல்லை, என் மேலும் இல்லை. திருமால் கேட்ட கண் அதுதான். பிரஷை எடுத்தேன். பள்ளிகொண்ட பெருமாளைத் தூக்கிப் போய் அவள் தலைமாட்டில் படுக்க வைத்து, பார்த்துப் பார்த்து வரைந்தேன். இமை ஒரே கோட்டில் இறங்கியது.

நடுவில் அவள் விழித்துக்கொண்டாள். "என்னாங்க இது, பெருமாளக் கொண்டாந்து எம் பக்கத்துல படுக்க வச்சிருக்கீங்க?"

"அவருக்குக் கண்ணு தெறக்கறேன். நீ மூடிக்க" என்றேன். சிரித்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். இன்னும் லட்சுமியும் புத்தரும் பாக்கி இருப்பதால் அவளை நான் எழுப்பப் போவதில்லை.

அனுமதி எதுவும் வேண்டாம். வளைகாப்பன்று ஒரு கரண்டி புளியோதரை பற்றி மட்டும் பிறகு பேசிக்கொள்வோம்.

ஸ்கேன் படத்தை இப்போது மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூக்கு நன்றாகத் தெரிகிறது. எங்கள் பக்கத்து மூக்கு. மன்னிக்கவும்.