வெள்ளிக்குள் முப்பது புகார்

புகார் தொலைபேசி வேலை செய்கிறதா என்று பார்க்க, அவன் அதை எடுத்துக் காதில் வைத்தான். நன்றாகவே வேலை செய்தது. அதுதான் பிரச்சினை.

"அப்புறம் ஏன் ஒருத்தர்கூடக் கூப்பிடல?" இன்னொரு தொலைபேசியில் தலைநகரிலிருந்து மேலாளர் அம்மா கேட்டார்.

"குறை இல்ல மேடம்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

மறுமுனையில் நீளமாக மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. திட்டுவதற்கு முன் இழுக்கிற மூச்சு.

"அறுநூறு குடும்பம். ரெண்டு தவணை பணம் குடுத்தாச்சு. ஒரு புகார் இல்ல. தம்பி, ஓசியில சாப்பாடு போட்டாலே உப்பு பத்தலன்னு நாலு பேர் சொல்லுவாங்க. நிதி குடுக்கறவங்க என்ன கேப்பாங்க தெரியுமா? சனங்க பயந்துட்டு வாயை மூடிட்டாங்களா, இல்ல நீங்க மூட வெச்சீங்களான்னு கேப்பாங்க."

"இங்க நிஜமாவே நல்லா நடக்குது மேடம்."

"நல்லா நடக்கிற திட்டத்துல நூத்துக்கு அஞ்சு பேர் திட்டணும். அதுதான் ஆரோக்கியமான அளவு. வெள்ளிக்கிழமைக்குள்ள முப்பது புகார் வரணும். வரலன்னா மூணாவது தவணை நின்னுடும். நான் சொல்லல, விதி சொல்லுது."

அவன் தொலைபேசியை வைத்தான்.

ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்து, அழைக்காத உறவினர் மாதிரி ஒரு வாரம் தங்கி, போகும்போது எல்லார் வீட்டுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போன ஊர் அது. அதன்பின் நிவாரணப் பணம் கொடுக்கும் தொண்டு நிறுவனத்தின் ஆளாக அவன் வந்தான். அலுவலகத்தில் அவனுக்கு ஒரு மூச்சில் சொல்ல முடியாத பதவிப் பெயர் இருந்தது. ஊரில் அவனைப் 'பணத் தம்பி' என்றார்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டான். எத்தனை வேளை சாப்பாடு, சம்பாதிப்பவர் எத்தனை பேர், நம்பியிருப்பவர் எத்தனை பேர். மோசமான பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். அதிகம் வாங்கிய வீட்டுக்கு முதலில் பணம். முதல் மாணவனாக வந்தும் யாரும் சிரிக்காத ஒரே தேர்வு அது.

பணம் மூலைக்கடையில் கிடைத்தது. கைபேசிக்குச் செய்தி வரும், அதைக் காட்டினால் கடைக்காரர் எண்ணித் தருவார். பக்கத்தில் அவன் நின்றுகொண்டு, எல்லாத் தாய்மாருக்கும் ஒரே பாடத்தை ஒப்பிப்பான்: "இது உங்க பிள்ளைக்கு. நிபந்தனை ஒண்ணும் இல்ல, உங்க இஷ்டம்போல செலவு பண்ணலாம். குறை இருந்தா இந்த நம்பருக்குச் சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. காரணம் அவனேதான். யார் முகம் சுளித்தாலும் அங்கேயே நின்று சரி செய்துவிட்டுத்தான் நகர்வான். புகார் பிறப்பதற்குள் அடக்கம் செய்துவிடுகிற ஆள்.

மூன்றாவது தவணை பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்துக்கு. பை, செருப்பு, உடுப்பு. அதை நம்பித்தான் தாய்மார் பிள்ளைகளைச் சந்தையில் மூட்டை தூக்குவதிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். பணம் வராவிட்டால் பிள்ளைகள் எங்கே திரும்பிப் போவார்கள் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"ஒலிபெருக்கி இருக்கா?" ஜீப் ஓட்டுநரிடம் கேட்டான்.

"இருக்கு. எதுக்கு?"

"சனங்களைத் திட்டச் சொல்லணும்."

"யாரை?"

"நம்மளை."

ஓட்டுநர் சாவியை எடுத்தார். இருபது வருடம் அலுவலக வண்டி ஓட்டியவர். அவருக்கு எதுவும் ஆச்சரியமில்லை.

ஜீப் தெருத்தெருவாகப் போனது. "உங்கள் புகார்கள் வரவேற்கப்படுகின்றன. பயப்படாமல் புகார் செய்யுங்கள்." பயப்படாதே என்று ஒலிபெருக்கியில் சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? கதவுகள் வரிசையாகச் சாத்தப்பட்டன. மாலைக்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சு: வாயைத் திறந்தவர்களின் பெயரை வெட்டப்போகிறார்கள்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் கூட்டம். முன்னால் நின்ற சலவைக்காரம்மா பேசினார். சாதாரணமாகப் பேசினாலே சண்டை மாதிரி இருக்கும் குரல்.

"எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. எழுதிக்கோங்க."

"அம்மா, குறை இருந்தா நல்லதும்மா."

"இல்லங்கறோம்ல. சாமி சத்தியமா இல்ல. எங்க வேணும்னாலும் கையெழுத்து போடறோம்."

போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் விரலை மைப்பெட்டியில் தோய்த்தார்கள். மறைக்கக் கூடாது என்ற நேர்மையில் அதை அவன் தலைநகருக்கு அனுப்பிவைத்தான்.

"நூத்திப் பத்துப் பேர் ஒரே நாள்ல, குறை இல்லன்னு கைநாட்டு வெச்சிருக்காங்க," என்றார் மேலாளர் அம்மா. "துப்பாக்கி எதுவும் காட்டினியா?"

"இல்ல மேடம்."

"பார்த்தா அப்படித்தான் தெரியுது."

அடுத்து, பெட்டி. பேர் சொல்லாமல் போடலாம் என்றால் பயம் போய்விடும் அல்லவா? தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் பூட்டுப் போட்ட மரப்பெட்டியை வைத்தான். மறுநாள் திறந்தபோது கனமாக இருந்தது. அவன் மனம் துள்ளியது.

உள்ளே அவனைப் படமாக வரைந்த ஒரு தாள் இருந்தது. காதுகள் கொஞ்சம் தாராளம். ஒரு பால் பல் இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. பன்னிரண்டு நன்றிச் சீட்டுகள். அடியில், நான்காக மடித்த பணம். கூடவே ஒரு துண்டு: 'எங்களுக்கு இந்த மாதம் கொஞ்சம் மிஞ்சியது. எங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுக்கவும்.'

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"நல்ல சனங்க."

"நல்ல சனங்கதான் அண்ணே என்னைக் கொல்றாங்க."

பணம் வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னான்.

"திருப்பிக் குடுத்தாங்களா?" மேலாளர் அம்மாவின் குரல் கீச்சென்று ஏறியது. "நாம குடுக்கறதுக்குத்தான் வழி இருக்கு. வாங்கறதுக்கு இங்க வழியே கிடையாது. கணக்குப் பிரிவுல ஒருத்தர் நாற்காலியை விட்டு எழுந்தே போயிட்டாரு. மிச்சம் ஆகுதுன்னா தேவைக்கு மேல குடுத்திருக்கோம்னு ஆகும். இப்போ மூணாவது தவணைக்கு ரெண்டு ஆபத்து. தயவுசெஞ்சு இன்னிக்கு எந்த முயற்சியும் பண்ணாதே."

அவன் முயற்சி செய்தான். இம்முறை வேரிலேயே கை வைத்தான். மக்கள் திட்டவில்லை என்றால், திட்டும்படி நடந்துகொள்ள வேண்டியதுதான். புதன்கிழமை முழுக்கக் கெட்டவனாக இருப்பது என்று முடிவு செய்தான். யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. ஒரு தாய் சந்தேகம் கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும்?" என்றான். சொல்லிவிட்டுத் தெருமுனைவரை போனவன், மனசு கேட்காமல் திரும்பி வந்து, பதிலைச் சொல்லிவிட்டு, மறுபடி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு போனான்.

மதியத்துக்குள் அலுவலக வாசலில் ஒரு போர்வை, காய்ச்சல் மாத்திரை, வெந்நீர்க் குடுவை. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று ஊரே பேசிக்கொண்டது. ஒரு பெண் அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, "சூடு இல்ல. மனசுலதான் ஏதோ," என்று தெருவுக்கே தீர்ப்புச் சொன்னார்.

கடைசியில், தையற்கார அக்காதான் அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து ஸ்டூலில் உட்கார வைத்தார். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். அவருடைய தையல் இயந்திரம் வெள்ளத்தில் மூழ்கி எழுந்து, இருமிக்கொண்டே ஓடுகிறது. தெருப் பெண்கள் கூடிப் பேசுவதெல்லாம் அங்கேதான். கழுத்தில் அளவு நாடா.

"சொல்லுங்க தம்பி. என்ன நடக்குது?"

அவன் உடைந்தான். வெள்ளிக்கிழமை, முப்பது, மூன்றாவது தவணை, எல்லாவற்றையும் கொட்டினான். "யாராவது என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னாப் போதும்க்கா. ஒரே ஒரு வார்த்தை."

அக்கா நாடாவைச் சுருட்டினார். பட்டன் டப்பாவைத் திறந்து, மூடியை மல்லாத்தி வைத்தார்.

"காலையில சாப்பிட்டீங்களா?"

"இல்லக்கா."

மூடியில் ஒரு பட்டன் விழுந்தது.

"நேத்து ராத்திரி?"

"டீ."

இன்னொன்று.

"வீட்ல சம்பாதிக்கறது யாரு?"

"நான் மட்டும்தான்."

"நம்பி இருக்கறவங்க?"

"அம்மா, அப்பா, படிக்கிற தங்கச்சி. அதைவிடுங்க, இங்க அறுநூறு குடும்பம் இருக்குல்ல."

அக்கா டப்பாவுக்குள் கையை விட்டு, யோசித்து, இரண்டு பட்டனாக எடுத்துப் போட்டார்.

"தூக்கம் வருதா? திட்டறதுக்கு யாராவது இருக்காங்களா? ஆறுதல் சொல்றதுக்கு?"

தூக்கம் இல்லை. திட்ட ஆள் உண்டு. ஆறுதலுக்கு ஓட்டுநர், ஆனால் அவர் பேசுவதில்லை. டக், டக், டக். அந்தச் சத்தம் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. வேலை நேரத்தில் வந்து தொந்தரவு செய்கிறோம் போலிருக்கிறது என்று எழுந்துகொண்டான்.

"போய்த் தூங்குங்க தம்பி," என்றார் அக்கா, மூடியைப் பார்த்தபடி.

வியாழன் காலை அவன் ராஜினாமாக் கடிதத்துக்கு முதல் வரி யோசித்துக்கொண்டிருந்தபோது, புகார் தொலைபேசி அடித்தது. அந்த மணியோசையை அதுவரை கேட்டதே இல்லை என்பதால், எங்கிருந்து சத்தம் வருகிறது என்று மேசைக்கடியில் தேடினான்.

"ஹலோ, புகாருங்களா?" சலவைக்காரம்மா. "உங்க ஜீப் போன போக்குல, காயப்போட்ட துணியெல்லாம் புழுதி. வெள்ளைத் துணி. மறுபடி நான்தானே துவைக்கணும்? கண்ணு இருக்கா இல்லையா உங்க டிரைவருக்கு?"

அவன் அவசரமாகப் பேனாவைத் திறந்தான். "ரொம்ப நன்றிம்மா. வேற ஏதாவது?"

"ஒலிபெருக்கியும் நாராசமா இருந்துச்சு."

"இதை ரெண்டு புகாரா எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோ."

வைத்த உடனே மறுபடி அடித்தது. பணத்துக்கு நிற்கும் வரிசை முழுக்க வெயில், கைக்குழந்தையோடு நிற்க முடியவில்லை. அடுத்தது: பணம் வந்த செய்தி கணவன் கைபேசிக்குப் போகிறது, அவள் கைக்கு வருவதற்குள் பாதி காணாமல் போகிறது. இதை அவன் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு முறை கேட்டான். அடுத்தது ஒரு கறாரான சிறுகுரல்: "எனக்குப் பதினொரு வயசு. ஒம்போதுன்னு போட்டிருக்கீங்க. ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கிறாங்க." அதற்கடுத்தது: புது நோட்டு ஒட்டிக்கொள்கிறது. கேட்ட கேள்வியையே மூன்று தடவை கேட்கிறீர்கள். பெட்டியில் போட்ட பல்லை எப்போது தருவீர்கள்?

ஓட்டுநர் டீ கொண்டு வந்து வைத்தார். "என்னைப் பத்தி எத்தனை?"

"நாலு."

"நியாயம்தான்," என்றார்.

வெள்ளி மதியம் கணக்கு முப்பத்தொன்றில் நின்றது. அதற்குமேல் ஒரு மணிகூட அடிக்கவில்லை.

"பிரமாதம்," என்றார் மேலாளர் அம்மா. கீச்சுக்குரல் இல்லை. "எல்லாத் தெருவுலேர்ந்தும் வந்திருக்கு. எல்லா வகையும் இருக்கு. இதைத்தான் ஆரோக்கியம்னு சொல்றது. அந்த மிச்சப் பணத்தைக்கூட, 'எங்க வீட்டுக்கு நீங்க அதிகமாக் கணக்குப் போட்டுட்டீங்க'ன்னு ஒருத்தர் புகாராவே சொல்லிட்டாரு. கணக்குப் பிரிவுக்காரர் வந்து உக்காந்துட்டாரு. மூணாவது தவணை திங்கக்கிழமை வரும். தம்பி, மத்த ஊர் ஆளுங்களுக்கு நீ வகுப்பு எடுக்கணும். சனங்களோட நம்பிக்கையைச் சம்பாதிக்கறது எப்படின்னு."

அவன் புகார் தொலைபேசியைத் துணியால் துடைத்து வைத்தான்.

திங்கட்கிழமை மூலைக்கடை முன்னால் பெரிய பந்தல். வரிசை நிழலில் நின்றது. செய்திகள் தாய்மாரின் கைபேசிக்கே வந்தன. கைபேசி இல்லாதவர்களைக் கடைக்காரர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பதினொரு வயதுக்காரி தன் வயதைச் சரிபார்த்துவிட்டு, புதுப் பையை மாட்டிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தபடி தெருவில் இரண்டு தடவை நடந்தாள். சந்தைக்குப் போகிற வழியில் ஒரு பிள்ளைகூடத் தென்படவில்லை. ஜீப் நடைவேகத்தில் போனது.

அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தையற்கார அக்காவிடம் போனான். வகுப்புக்குத் தேவையான ஒத்திகையாகவும் இருக்கட்டும் என்று ஆரம்பித்தான்.

"பார்த்தீங்களாக்கா? நம்பிக்கைதான் காரணம். என்மேல நம்பிக்கை வந்ததாலதான் எல்லாரும் மனசு விட்டுக் குறை சொன்னாங்க."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு பட்டன் டப்பாவைக் குலுக்கினார். "குறையெல்லாம் நிஜம் தம்பி. இருந்ததுதான். நல்ல பிள்ளையாச்சேன்னு சொல்லாம வெச்சிருந்தோம். புதன்கிழமை சாயங்காலம் கூடிப் பேசினோம். உங்க மார்க் கணக்கையே போட்டுப் பார்த்தா, ஊர்ல யாருக்கும் அஞ்சு பட்டனுக்கு மேல விழல. உங்களுக்கு ஏழு."

"எனக்கா? எதுக்கு ஏழு?"

வரிசையிலிருந்து சலவைக்காரம்மா சண்டைக் குரலிலேயே சொன்னார்:

"முதல் ஆளா உன்னைத்தான் தேர்ந்தெடுத்தோம், முப்பத்தொரு புகார் ஒதுக்கினோம், நிபந்தனை ஒண்ணும் இல்ல, உன் இஷ்டம்போல செலவு பண்ணிக்கோ."