மோசமான ஜப்பான் ஓட்டல் தேடிய காசிமாயன்

போடியிலிருந்து ஒரே பகலில் போய்த் திரும்பும் தூரத்தில், இருப்பதிலேயே மோசமான ஜப்பான் ஓட்டல் எது என்று கண்டுபிடித்தே தீருவது என்று காசிமாயன் முடிவு செய்தார். உலகமே நல்ல ஓட்டலைத் தேடுகிறது. இவருக்கு வேண்டியது கேடுகெட்ட ஓட்டல். ஒரு வாய் வைத்ததும், "இந்த நாட்டுப் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று காளீஸ்வரி சொல்லிவிட வேண்டும். காளீஸ்வரி அவருடைய மனைவி.

மகள் வித்யா கல்யாணமாகி ஒசாகாவில் இருந்தாள். தலைப்பிரசவம். தாய்வீட்டில் நடக்க வேண்டியது. ஆனால் விமானமே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வர முடியாவிட்டால் தாய் போக வேண்டியதுதான். மூன்று மாதம் இருந்து பத்தியம் பார்த்துவிட்டு வருவதாகக் காளீஸ்வரி சொன்னாள். அவள் கேட்கவில்லை. சொன்னாள்.

"அப்பாவும் வரட்டும்மா" என்று மகள் கூப்பிடத்தான் செய்தாள். அன்றைக்குப் பார்த்துக் காசிமாயனுக்கு வாயில் சனி உட்கார்ந்திருந்தது. "மீனை வேகவச்சுத் திங்கத் தெரியாதவன் ஊருக்கு நான் எதுக்கு? எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். சொன்ன வார்த்தையை இனிமேல் எப்படி விழுங்குவது? ஏலக்காய் வியாபாரத்தில் வாய்விட்டுக் கேட்ட விலையை மாற்றாதவர் என்று பேர் எடுத்தவர் அவர்.

அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சமைக்கத் தெரியாது என்ற பயமில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டலுக்குப் பஞ்சமில்லை. சிலமலையில் அக்கா கருப்பம்மாள் இருக்கிறாள். ஆனால் கடையைச் சாத்திவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளேயிருந்து "இன்னிக்கு என்ன இம்புட்டு நேரம்?" என்று ஒரு குரல் வராத வீடு. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டால் ஏச ஆளில்லை. ஏச்சு வாங்காமல் ஒரு மனுசன் மூன்று மாதம் எப்படி உயிரோடு இருப்பான்? இதை வெளியே சொல்லலாமா என்றால், பேரன் பிறக்கப்போகிற வயதில் சொல்லக்கூடிய பேச்சா அது?

மனதில் இருப்பதைச் சொல்லாமல் இருப்பதுதான் அவருடைய தொழிலே. ஏலக் கூடத்தில் தட்டில் மாதிரிக் காய் வரும். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, நகத்தால் ஒன்றைப் பிளந்து, மோந்து, மென்று பார்ப்பார்கள். காய் முதல் தரமாக இருந்தால் காசிமாயனின் முகம் வேப்பங்கொழுந்தைத் தின்ற மாதிரி சுளித்துக்கொள்ளும். பக்கத்து ஆள் அதைப் பார்த்து விலையை ஏற்றாமல் இருப்பான் அல்லவா? சுளித்துச் சுளித்து அந்த முகம் இப்போது தானாகவே சுளிக்கிறது. வீட்டில் அயிரை மீன் குழம்பு அமிர்தமாக அமைந்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தால் பிள்ளைகள் அழும். குழம்பு வாயில் வைக்க விளங்காத அன்றைக்குத்தான் "நல்லாருக்கே" என்பார். காளீஸ்வரிக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்போதோ அத்துபடி.

மோசமான கடை வேண்டுமென்றால் நல்ல கடையின் லட்சணம் தெரிய வேண்டும். மருமகன் யோகராஜுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, ஒரு ஜப்பான் கடை நல்ல கடையா, மட்டக் கடையான்னு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"எதுக்கு மாமா?"

"சும்மா, பொது அறிவுக்கு."

மாப்பிள்ளைக்கு ஒரே உற்சாகம். "சூஷின்னா சோத்து உருண்ட மேல பச்ச மீனு. மொதல்ல மீனைப் பாக்காதீங்க மாமா, சோத்தப் பாருங்க. குளுந்து கெடக்கக் கூடாது. கைச்சூடு இருக்கணும். எடுக்கையில உதிரக் கூடாது, வாயில போட்டதும் உதிரணும். மீனு மீன் வாடை அடிக்கக் கூடாது."

"மீன் வாடை அடிக்காட்டி அப்பறம் எதுக்கு மாப்ளே அதுக்கு மீனுன்னு பேரு?"

"கடல் வாடை லேசா வரலாம் மாமா. ராமென்னா எலும்புச் சாறு. நாள் பூராக் கொதிச்சிருந்தா உதட்டுல ஒட்டும். நூடுல்சு பல்லுல கடிபடணும், கொழகொழன்னு இருக்கக் கூடாது. முக்கியமா, மெனு சின்னதா இருக்கணும். எல்லாம் விக்கிற கடையில எதுவும் உருப்படியா இருக்காது."

காசிமாயன் எல்லாவற்றையும் மனதில் வாங்கி, அப்படியே தலைகீழாகத் திருப்பிக்கொண்டார். குளிர்ந்த சோறு. நாறும் மீன். கொழகொழ நூடுல்ஸ். பெரிய மெனு. இந்த நான்கும் சேர்ந்த ஒரு கடையைப் போனில் துழாவினார். மதுரையில் ஒன்று அகப்பட்டது. சாப்பிட்டவர்கள் அதன் கீழே திட்டித் தீர்த்திருந்தார்கள். ஒருவர் தன் வயிறு பட்ட பாட்டைப் பத்தி பத்தியாக எழுதியிருந்தார். படிக்கப் படிக்கக் காசிமாயனுக்கு நெஞ்சு நிறைந்தது. தெய்வமே பார்த்துக் காட்டிய கடை.

"மதுரைக்குப் போயிட்டு வருவமா? நீ அங்க போயித் திணறக் கூடாதுல்ல. ஒரு தரம் தின்னு பாத்துக்க" என்றார் மனைவியிடம், குரலில் தேன் வடிய.

காளீஸ்வரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சரி" என்று சேலை மாற்றப் போனாள்.

கடை அவர் நம்பிக்கையைக் காப்பாற்றியது. வாசல் பலகையில் ஷவர்மா, பரோட்டா, பீட்சா, பிரியாணி, அதற்கும் கீழே சூஷி, ராமென், பருத்திப்பால். மெனு கல்யாண ஆல்பம் தடிமனில் இருந்தது. மேசைகளில் ஈயைத் தவிர யாருமில்லை. சூஷி வந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டார். ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த சோறு, பல் கூசியது. மீன் தன் சாவை இன்னும் மறக்கவில்லை.

"நல்லாருக்கே" என்றார்.

காளீஸ்வரி அந்தச் சொல்லைக் கேட்டதும் தன் கையில் இருந்ததைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். ராமெனை மட்டும் ஒரு கரண்டி குடித்தாள். "பாக்கெட்டு நூடுல்ச நேத்து ரசத்துல ஊறப் போட்டிருக்கான்" என்றாள்.

"அங்கெல்லாம் இப்பிடித்தானாம் காளி. மூணு மாசம். நெனச்சாலே எனக்குப் பாவமா இருக்கு."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காசிமாயன் மனதுக்குள் வெடி வெடித்துக்கொண்டு வந்தார். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது பார்த்தால் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ள இதையா தின்னுக்கிட்டு இருக்கா?"

"அது வந்து..."

"புள்ளத்தாச்சி ஒடம்புக்கு ஐசுச் சோறும் பச்ச மீனுமா? பெத்த பெறகு யாரு அவளுக்குப் பூண்டுக் கொழம்பு வச்சுக் குடுப்பா? மூணு மாசமெல்லாம் பத்தாதுங்க. ஆறு மாசம் இருந்து ஆக்கிப் போட்டுட்டுத்தான் வருவேன்."

காசிமாயன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஸ் கணவாயில் இறங்கியது. அவருக்கும் உள்ளே ஏதோ இறங்கியது.

இனி ஒரே வழிதான். மகள் அங்கே ராஜபோகமாகச் சாப்பிடுகிறாள், தாய் போய்ச் செய்ய ஒன்றுமில்லை என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு நல்ல கடை வேண்டும். மறுபடியும் மாப்பிள்ளை. மறுபடியும் பொது அறிவு. இந்தத் தடவை தலைகீழாகத் திருப்பவில்லை. கொச்சியில் ஒரு சிறிய கடையை மாப்பிள்ளையே விசாரித்துச் சொன்னார்.

விடிந்தும் விடியாமலும் ஜீப்பு போடிமெட்டு ஏறியது. வளைவுக்கு வளைவு காசிமாயனுக்குப் படபடப்பு ஏறியது. பூப்பாறை தாண்டி, ஏலச் செடிகளுக்கு நடுவே போகும்போது காளீஸ்வரி கேட்டாள்: "மதுரையிலதான் தின்னமே, இன்னொன்னு எதுக்கு?"

"ஒரு மூடையில கைய விட்டுட்டு மொத்த லாட்டையும் கழிக்கலாமா? அடி மூடையவும் பாக்கணும்ல."

"அதுவுஞ் சரிதான்" என்றாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் சிரித்த மாதிரி இவருக்குத் தோன்றியது. மலைக்காற்றுக்குக் கண்ணைச் சுருக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

கொச்சிக் கடையில் மொத்தமே நாலைந்து மேசை. மெனு ஒற்றைத் தாள். மரப்பலகைக்கு அந்தப் பக்கம் சமையல்காரர் நின்று கண்ணெதிரே சோற்றை உருட்டினார். எல்லாம் மாப்பிள்ளை சொன்ன லட்சணம். தட்டு வந்தது. பதற்றத்தில் காசிமாயனின் கை பழக்கப்பட்ட வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. ஒரு சூஷியை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பி நிறம் பார்த்தார். நகத்தால் பிளந்து மோந்தார். பிறகு, ஏலக் கூடத்தில் மாதிரி பார்த்த காயை எல்லோரும் செய்வதுபோல, அதைக் கீழே தரையில் போட்டார்.

பலகைக்கு அந்தப் பக்கம் கத்தி நின்றது.

காசிமாயன் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாவதை வாயில் போட்டுவிட்டார். சோறு இளஞ்சூடாக இருந்தது. நாக்கில் பட்டதும் உதிர்ந்தது. மீன் வெண்ணெயாகக் கரைந்தது. மகளைப் பற்றிப் பேசத் தயாராக வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. முகம் தன் வேலையைக் காட்டியது. புருவம் நெரிந்தது, மூக்கு சுருங்கியது, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

பரிமாறிய பையன் ஓடி வந்தான். "எந்தா சேட்டா, இஷ்டப்பட்டில்லே?" சமையல்காரரும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பயப்படாதீங்க தம்பி" என்றாள் காளீஸ்வரி. "அவருக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. இன்னொரு தட்டு கொண்டாங்க."

ராமென் வந்தது. சாறு உதட்டில் ஒட்டியது. நூடுல்ஸ் கடிபட்டது. கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி அடிவரை குடித்துவிட்டு வைத்தார். முகம் பார்க்கச் சகிக்கவில்லை. காளீஸ்வரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு வந்த காரியம் ஞாபகம் வந்தது. "பாத்தியா? நம்ம புள்ள எம்புட்டு நல்லாச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. நீ போயி அங்க என்னத்த ஆக்கிப் போடப் போற?"

"அதேங்க, எனக்கும் இப்பத்தான் மனசு ஆறுச்சு."

"அப்பிடிச் சொல்லு."

"நான் அங்க போயி என்னத்தத் திங்கப் போறேனோன்னு கெதக்குன்னு இருந்துச்சு. இம்புட்டு நல்லாருந்தா ஆறு மாசம் என்ன, ஒரு வருசங்கூட இருக்கலாம்."

காசிமாயன் கணக்குப் போட்டுப் பார்த்தார். சாப்பாடு கெட்டதாக இருந்தாலும் போகிறாள். நல்லதாக இருந்தாலும் போகிறாள். இனி எந்தக் கடைக்குக் கூட்டிப் போவது? ஜப்பானில் மூன்றாவது வகைச் சாப்பாடு இல்லை. இத்தனை வருஷ வியாபாரத்தில் முதல் தடவையாக வாய் திறந்து உள்ளதைச் சொன்னார்.

"போகாத காளி. நீ இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியாது."

சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தார். காளீஸ்வரிக்குக் கண் கலங்கியது. ஆனால் கை நிற்கவில்லை. கடைசி சூஷியை எடுத்து வாயில் போட்டு, மென்று, முழுங்கினாள்.

"இந்த ஒரு வார்த்தையச் சொல்றதுக்கு மதுர, கொச்சின்னு எத்தன ஊரு சுத்த வேண்டியிருக்கு" என்றாள்.

"அப்ப, போகலையா?"

"போகாம? ரெண்டு பேருக்கும் போன மாசமே டிக்கெட்டு போட்டாச்சு."

"ரெண்டு பேருக்கா?"

"பச்ச மீனு திங்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னா உங்கள எப்பிடிக் கூட்டிட்டுப் போறது? நீங்க மாப்ளகிட்டப் பொது அறிவு கேட்ட அன்னிக்கே அவரு எனக்குப் போன் போட்டுட்டாரு. 'மாமா தானா வழிக்கு வர்றாரு அத்தே, பேசாம கூடப் போங்க'ன்னாரு. அந்த நாத்த மீனத் தின்னுட்டு நீங்க பின்வாங்கிருவீங்களோன்னு மதுரயிலதான் கொஞ்சம் பயந்துட்டேன். இங்க கிண்ணத்தத் தூக்கிக் குடிச்சீங்கள்ல, இனி கவலயில்ல."

காசிமாயனுக்குக் கோபம் வர வேண்டும். தேடிப் பார்த்தார், வரவில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு மூட்டை இறங்கின சுகம்தான் இருந்தது. ஆனாலும் ஆம்பளை என்று ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்பதைக் காட்ட வேண்டாமா? நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"அதெல்லாஞ் சரி. நான் பாட்டுக்கு மாசக்கணக்கா அங்க போயி உக்காந்துக்கிட்டா, கடை என்னத்துக்கு ஆகும்?"

"கடையில உங்க கூட்டாளி மலைச்சாமி அண்ணேன்கிட்ட டிக்கெட்டு போட்ட அன்னிக்கே கேட்டுட்டேன்" என்றாள் காளீஸ்வரி, கையைக் கழுவ எழுந்தபடி. "'வெரசாத் திரும்ப வேணாம்னு சொல்லுத்தா, நாங்களும் கொஞ்ச நாளு நிம்மதியா ஏவாரம் பாக்குறோம்'னாரு."