நடு மதகும் நான்கு சட்டங்களும்

மேட்டுநாடு என்றொரு நாடு. வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. அங்கே சட்டம் செய்கிறவர்கள் எல்லோரும் மேட்டிலே, தலைநகரில் குடியிருந்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் அவர்கள் வாசலில் ஒரு நிமிடம்கூட நிற்காது, கீழே ஓடிவிடும். வெள்ளம் என்றால் என்ன என்று அவர்களுக்கு அகராதியைப் பார்த்துத்தான் தெரியும். ஓடிவருகிற அத்தனை தண்ணீரும் வந்து சேருகிற இடம் மும்மதகு நகரம்.

நகரத்தை ஒட்டிக் கடல் மாதிரி ஓர் ஏரி. ஏரிக்கு மூன்று மதகுகள். ஓரத்தில் இருக்கும் இரண்டும் சின்னவை, வயலுக்குப் போகிறவை. நடு மதகுதான் பெரியது. ஏரி நிரம்பினால் அதன் இரும்புக் கதவைத் தூக்கி, மிச்சத் தண்ணீரைக் கால்வாயில் விடுவார்கள். அந்தக் கதவு துருப்பிடித்து இறுகிவிட்டது. அதைத் தூக்குகிற திருகுகம்பியும் முறிந்துவிட்டது. கதவு மேலே ஏறாவிட்டால் கரை உடையும். கரை உடைந்தால் நேர் கீழே பள்ளத்தெரு, இரண்டாயிரம் வீடுகள். மேயர் வடிவாம்பாளின் ஓட்டு வீடும் அங்கேதான் இருந்தது.

வடிவாம்பாள் முப்பது வருடம் மீன் விற்றுவிட்டு மேயர் ஆனவர். குரலும் அதற்கேற்ற குரல். மதகுக் காவலர் இருளப்பன் ஆடி மாதமே அவரிடம் ஓடிவந்தார்.

"அக்கா, ஐப்பசியில மழை புடிச்சுக்கும். அதுக்குள்ள கதவு ஏறலேன்னா நம்ம தெருவை மறந்துட வேண்டியதுதான்."

"இதுக்கு எதுக்குடா இந்தப் பதட்டம்? கொல்லனைக் கூப்பிட்டுக் கம்பியை மாத்து."

"கூப்பிடலாம். தலைநகர் அனுமதி?"

ஆமாம், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மேட்டுநாட்டில் நகரங்கள் விளக்குமாறு வரைக்கும் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். விளக்குமாற்றுக்கு மேற்பட்ட எந்தப் பொருளுக்கும் தலைநகருக்குக் கோரிக்கை எழுத வேண்டும். மாமன்றம் கூடும்போது அதைப் பரிசீலிப்பார்கள்.

எழுதினார்கள். துணை மேயர் குலசேகரன்தான் எழுதினார். தலைநகரத் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே அவருக்கு மெய்சிலிர்க்கும். 'மாண்புமிகு' என்ற சொல் மட்டும் கோரிக்கையில் பதினெட்டு இடத்தில் வந்தது. கதவு ஓர் இடத்தில் வந்தது.

பதில் வந்த நாளைச் சொல்லியே ஆக வேண்டும். மும்மதகு நகரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. தலைநகரிலிருந்து உறை வந்தால், பிரிப்பதற்கு முன்பே வெடி போட்டுவிடுவார்கள். பிரித்த பிறகு போட முடியாமல் போய்விடுமோ என்ற பயமாக இருக்கலாம். அன்று பத்தாயிரம் வாலா! மேளம்! பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் விடுமுறை! குலசேகரனின் மனைவி அஞ்சுகம் தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தார். எனக்கும் ஒரு கை கிடைத்தது, முந்திரி தாராளம். அப்புறம்தான் உறையைப் பிரித்தார்கள்.

உள்ளே இருந்தது ஒரு சட்டம். நகரத்தின் கோரிக்கையைக் கனிவோடு படித்த மாமன்றம், நாட்டிலுள்ள நீர்நிலைகள் அனைத்தையும் பாதுகாக்கும் பொருட்டு அவற்றைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. ஏரி, கரை, மதகு, கதவு எல்லாம் இனிமேல் அரசுடைமை. ஏரியைவிட்டு வெளியே வரும் தண்ணீர் மட்டும் நகரத்தின் பொறுப்பு.

"அப்போ கதவு அவங்களுது. வெள்ளம் நம்மளுதா?" என்று கேட்டார் வடிவாம்பாள்.

"பாதுகாப்பு வந்துடுச்சேம்மா, அதைப் பாருங்க!" என்றார் குலசேகரன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

வடிவாம்பாள் அன்றே தலைநகருக்கு வண்டி ஏறினார். நகர நலத்துறை அமைச்சர் அளந்தபெருமாள் அவரை வரவேற்று, மோர் கொடுத்து, எதிரில் உட்கார வைத்தார்.

"அம்மையீர், தங்கள் கதவு குறித்து இந்த அரசு ஆழ்ந்த அக்கறை கொண்டுள்ளது" என்றார் அமைச்சர்.

"அக்கறையெல்லாம் வேண்டாங்க. ஒரு கம்பி போதும். இல்லேன்னா நாங்களே போட்டுக்கிறோம், தொடலாம்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க."

"அரசுடைமையைத் தொட அனுமதிப்பது முறையாகாது. ஆனால் நிதி ஒதுக்கலாம். நாளையே சட்டம் வருகிறது."

வந்தது. பேசிய மறுநாளே! மேட்டுநாட்டின் வேகத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. அந்தச் சட்டப்படி, நிதி கேட்கும் நகரம் செலவில் பாதியைத் தானே போட வேண்டும். அதே அமர்வில், அதே பிற்பகலில், நகரங்கள் வசூலித்து வந்த சந்தைக் கட்டணமும் வீட்டுவரியும் தலைநகருக்கு மாற்றப்பட்டன. நகரங்களுக்கு வசூல் சிரமம் இருக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

"நகரங்கள் சொந்தக் காலில் நிற்கப் பழக வேண்டும் அம்மையீர்."

"காலை நீங்க எடுத்துக்கிட்டீங்களே ஐயா! எதுல நிக்கிறது?"

அமைச்சர் இதைக் குறித்துக்கொண்டார். மோர் டம்ளரை ஒருவர் வந்து எடுத்துப் போனார்.

ஊர் என்ன செய்தது தெரியுமா? பாதிப் பங்கை ஊரே திரட்டியது! கல்யாணத்துக்கு வைத்திருந்ததைக் கொடுத்தார்கள், காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். மீன்காரப் பெண்கள் ஒரு வாரம் விற்ற காசை அப்படியே போட்டார்கள். மூன்றே வாரம். பங்கைத் தலைநகருக்கு அனுப்பியதும் அடுத்த உறை வந்தது. மறுபடியும் வெடி. இந்த முறை வடிவாம்பாளே திரியைப் பற்றவைத்தார். மனசு அவ்வளவு துடித்தது அவருக்கு.

மூன்றாவதாக வந்தது நன்றிச் சட்டம். நிதி பெற்ற பிறகு நகரங்கள் நன்றி சொல்ல மறந்துவிடுவதாக மாமன்றம் வேதனையோடு கண்டறிந்திருந்தது. ஆகவே நன்றியை முன்கூட்டியே செலுத்த வேண்டும். எந்த இடத்தில் பணி நடக்க இருக்கிறதோ அந்த இடத்தில் நாற்பது அடி உயரத்துக்கு இரும்பு வளைவு. வளைவின் நெற்றியில் அமைச்சரின் படம். வளைவு நின்றதற்கான சான்று கிடைத்ததும் நிதி புறப்படும். நகரம் அனுப்பிய பாதிப் பங்கை வளைவுச் செலவுக்கு எடுத்துக்கொண்டு, வளைவு கட்டுகிற ஆட்களைத் தலைநகரே அனுப்பிவைத்தது.

அவர்கள் நடு மதகுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கரையிலேயே குழி தோண்டினார்கள். இருளப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, கரையைத் தோண்டாதீங்கய்யா! தண்ணி கசிஞ்சா மொத்தமும் போச்சு!"

"கரை உங்களுடையதா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

சட்டப்படி அது அவருடைய கரை இல்லை.

வளைவு நின்றது. அடேயப்பா, என்ன அழகு! மூன்று ஊருக்கு அப்பாலிருந்து அமைச்சரின் பல்வரிசை தெரிந்தது. சான்றையும் நன்றித் தீர்மானத்தையும் எடுத்துக்கொண்டு குலசேகரன் பட்டு வேட்டி சரசரக்கத் தலைநகருக்குப் புறப்பட்டார். அவர் போய்ச் சேர்ந்த அன்று மழை பிடித்துக்கொண்டது.

மூன்று நாள் விடாத மழை. மேட்டில் பெய்ததெல்லாம் கீழே வந்தது. நாலாம் நாள் காலை ஏரி கரையின் உதட்டைத் தொட்டது. வளைவுக் குழிகளின் ஓரமாகத் தண்ணீர் கசிந்து மண் கரைந்துகொண்டிருந்தது. பள்ளத்தெருவில் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். வடிவாம்பாள் தலைநகருக்குத் தந்தி கொடுத்தார். 'தங்கள் தந்தி பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது.

வடிவாம்பாள் அதை ஒருமுறைதான் படித்தார். சேலையை வரிந்து கட்டினார்.

"இருளப்பா, அந்த வளைவு எவ்வளவு கனம் தாங்கும்?"

"யானையைக் கட்டித் தொங்கவிடலாம் அக்கா. நல்ல இரும்பு."

"அப்போ கப்பியை அதுல மாட்டு. கயிறு யார் யார் வீட்டுல இருக்கோ, எல்லாத்தையும் கொண்டாரச் சொல்லு!"

கிணற்றுக் கயிறு, ஊஞ்சல் கயிறு, படகுக் கயிறு, எல்லாவற்றையும் முறுக்கி ஒரே வடமாக்கினார்கள். அமைச்சரின் படத்துக்கு நேர் மேலே கப்பி தொங்கியது. வடத்தின் ஒரு முனை கதவில், மறுமுனை ஊரின் கையில். முடிதிருத்துபவர், டீச்சர், தபால்காரர், நகைக்கடை முதலாளி, மீன்காரப் பெண்கள், அஞ்சுகம், யாரென்று சொல்வது! "ஏலேலோ!" என்று வடிவாம்பாள் குரல் கொடுத்தார். முப்பது வருடம் மீன் கூவிய குரல் அன்று ஏரி முழுக்கக் கேட்டது. முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. பத்தாவது இழுப்பில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். கதவு ஒரு சாண் ஏறியது. அப்புறம் ஒரு முழம்! தண்ணீர் நுரைத்துக்கொண்டு கால்வாய்க்குள் பாய்ந்தபோது ஜனங்கள் போட்ட கூச்சலை எழுத எனக்குத் தெரியவில்லை. நானும் கத்தினேன். வடத்தைக் கரையோரப் புளியமரத்தில் இறுக்கிக் கட்டினார்கள். பள்ளத்தெருவில் ஒரு வீட்டுக்குள்கூடத் தண்ணீர் போகவில்லை.

மாமன்றம் அவசரமாகக் கூடியது. நான்காவது சட்டம் ஒரு மணி நேரத்தில் நிறைவேறியது. மும்மதகு நகரத்தில் அரசுடைமையில் கை வைத்தவர்கள் பதவி வகிக்கவோ, தேர்தலில் நிற்கவோ, வாக்களிக்கவோ தகுதியற்றவர்கள். சட்டம் போன வாரத்திலிருந்தே அமலுக்கு வந்ததாகக் கருதப்படும். மேயர் நீக்கம். பதினைந்து நாளில் புதிய தேர்தல்.

விசாரணை அதிகாரி ஒருவர் பதிவேட்டோடு வந்து சந்தையில் பந்தல் போட்டு உட்கார்ந்தார். பத்துப் பதினைந்து பேர் மாட்டுவார்கள் என்பது அவர் கணிப்பு.

"அரசின் கதவை இழுத்த நபர்கள் முன்வரலாம்."

வடிவாம்பாள் வந்தார். இருளப்பன் வந்தார். பின்னாலேயே ஒரு வரிசை வந்தது. சந்தையைத் தாண்டி, பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போயிற்று அந்த வரிசை. பச்சைக் குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றார்.

"நான் இழுக்கலைங்க, பிள்ளை பொறந்து அப்போ மூணு நாள். ஆனா கயிறு எங்க வீட்டுக் கிணத்துக் கயிறு. எழுதிக்குங்க."

"கயிறு கொடுத்தது குற்றத்தில் வராதம்மா."

"அதெப்படி வராமப் போகும்? எழுதுங்க சார்! எங்க கயிறு இல்லேன்னா எட்டியிருக்காது."

எழுதினார். எழுந்து வர முடியாதவர்களும் தங்கள் வீட்டுக் கயிற்றைச் சொல்லியனுப்பிப் பெயர் கொடுத்தார்கள். பேனாவில் மை தீர்ந்தது, வேறு பேனா வாங்கினார். கடைசியில் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோது நகரத்தில் தகுதியுள்ள வாக்காளர் எண்ணிக்கை ஒன்று. அவர்தான் அந்த நேரம் ஊரில் இல்லாத குலசேகரன்.

குலசேகரன் வேட்புமனு தாக்கல் செய்தார். போட்டியின்றித் தேர்வாவது மக்களாட்சிக்கு அழகல்ல என்று அமைச்சர் சொல்லிவிட்டதால் வாக்குப்பதிவும் நடந்தது. நாற்பது காவலர்கள், ஒரு பெட்டி, ஒரு விரலில் மை. நூறு விழுக்காடு வாக்குப்பதிவு! நூறு விழுக்காடு வெற்றி! குலசேகரனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மாலையோடு கூடவே தலைநகரின் முதல் ஆணையும் அவர் கையில் கொடுக்கப்பட்டது. நடு மதகுக் கதவை உடனே கீழே இறக்கி முன்பிருந்த நிலையில் வைக்கவும். முறைப்படி திறப்பது பின்னர் பரிசீலிக்கப்படும்.

வெற்றிச் சான்றிதழைக் காட்ட வீட்டுக்கு ஓடினார். வீடு பூட்டியிருந்தது. தெருவே பூட்டியிருந்தது. மழை மறுபடி வலுத்திருந்தது. ஊர் மொத்தமும் கரையில் நின்றது. புளியமரத்தில் கட்டியிருந்த வடம் நனைந்து நழுவத் தொடங்கி, கதவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் வடத்தைப் பிடித்திருந்தார்கள். பதிவேட்டு அதிகாரி குடையோடு ஓரமாக நின்றார்.

"அஞ்சுகம்! நான் ஜெயிச்சுட்டேன்!"

"சந்தோஷங்க. மாலையைக் கழட்டி வெச்சுட்டு இங்க வந்து புடிங்க, கை வழுக்குது!"

"அடியே, நான் மேயர்டி. தொட்டா பதவி போயிடும். கதவை இறக்கச் சொல்லி ஆணையே வந்திருக்கு."

"இறக்குங்க, தாராளமா இறக்குங்க. எங்க அம்மா கீழ வீட்டுக்குள்ள படுத்திருக்கு, எந்திரிச்சு நடக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்து இறக்குங்க."

குலசேகரன் கரையிலிருந்து கீழே பார்த்தார். பள்ளத்தெருவின் கூரைகள் அவர் காலுக்குக் கீழே வரிசையாகத் தெரிந்தன. வடம் இன்னொரு சாண் நழுவியது. வடிவாம்பாள் திரும்பி அவரைப் பார்த்தார். குலசேகரன் மாலையைக் கழற்றினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். மனைவிக்குப் பின்னால் போய் வடத்தைப் பிடித்து, உயிரைக் கொடுத்து இழுத்தார்.

"சார், எழுதிக்குங்க!" என்று அதிகாரியைப் பார்த்துக் கத்தினார். "குலசேகரன், ரெண்டு கையும்!"

கதவு ஏறியது. அதிகாரி எழுதினார். வாக்காளர் எண்ணிக்கை: பூஜ்ஜியம்.

அந்த அறிக்கையை மாமன்றத்தில் அமைச்சர் அளந்தபெருமாள் கம்பீரமாக வாசித்தார்.

"உறுப்பினர்களே! மும்மதகு நகரத்தில் இன்று இந்த அரசுக்கு எதிராக ஒரே ஒரு வாக்குகூடக் கிடையாது!"

மாமன்றம் மேசைகளைத் தட்டி ஆரவாரித்தது. இத்தனை பலன் தந்த நான்காவது சட்டத்தை நாட்டிலுள்ள எல்லா நகரங்களுக்கும் நீட்டிப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. செய்தி எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வாரமே மேட்டுநாடு முழுக்க எல்லாக் கடையிலும் கயிறு விற்றுத் தீர்ந்துபோயிற்று.