மாங்காட்டு உறை

கொதிநீரை ஊற்றி முடித்த பிறகுதான் பானுப்பிரியா கிண்ணத்துக்குள் பார்த்தாள். அடியில் மிச்சம் வைத்திருந்த ஒரு கரண்டி உறைத்தயிர் திரிதிரியாக மிதந்தது.

அவளுக்கு அம்பத்தூரில் உணவுப் பரிசோதனை லேபில் வேலை. எதையும் கொதிநீரில் அலசிவிட்டுத் தொட்டே பழகிய கை. அந்தக் கை வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, கோவில்பதாகை வீட்டுச் சமையலறையில், மாமியார் வீட்டு வம்சத்தையே ஒழித்துவிட்டது.

மாமியார் தாட்சாயிணி மாங்காட்டில் முப்பது வருஷமாக விடாமல் தோய்த்து வரும் உறை அது. "வேலைக்குப் போற பொண்ணு குடும்பம் நடத்துமா" என்று கல்யாணத்துக்கே முகம் சுளித்தவர், போன வருஷம் அரை மனதோடு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பியிருந்தார். "இது எங்க ஊட்டு உசுரு. மாத்தினா நாக்குல வெச்சதுமே எனக்குத் தெர்ஞ்சிடும்."

ஞாயிறு மதியம் அவர் மாமனாரோடு சாப்பிட வருகிறார்.

பானு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். லேபில் எத்தனை முறை தயிருக்குள் இருக்கும் அந்த நுண்ணுயிர்களைப் பார்த்திருக்கிறாள். மணி கோத்தது மாதிரி சில, குச்சி குச்சியாய்ச் சில. கண்ணை மூடினால், அவை கோடிக்கணக்கில் மூட்டை முடிச்சோடு பூந்தமல்லி வழியாக மாங்காட்டுக்கே நடந்து போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

"கடைத் தயிர ஊத்து, யாருக்குத் தெரியும்?" என்றான் கணவன் விக்ரம்.

பாலில் ஊற்றினாள். மழைக் குளிரில் உறையவில்லை. அடுப்போரம் வைத்தாள். பால் திரிந்தது. மிளகாய்க் காம்பு போட்டால் உறையும் என்று விக்ரம் செல்போனில் கண்டுபிடித்தான். ஒன்றுக்கு ஒன்பதாகப் போட்டாள். மறுநாள் கரண்டியைத் தூக்கினால் தயிர் நூல் நூலாகக் கூடவே வந்தது. காரமாகவும் இருந்தது.

"ஊறுகாய்னு சொல்லிடலாமா?"

"நீங்க பேசாம இருங்க."

ஞாயிறு காலை, வேறு வழியில்லாமல் கீழ்வீட்டுக் குப்பம்மாவின் கதவைத் தட்டினாள்.

"இதுக்கா அழுதுகினு கீற? தயிர சட்டியோட எடுத்துனு போ பாப்பா."

மதியம் தாட்சாயிணி அந்தத் தயிரை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். பானு கரண்டியும் கையுமாக நின்றாள்.

"தெனம் கிருமிய பாத்துகினு கீற பொண்ணு, இத்த எங்க காப்பாத்தப் போவுதுன்னு நெனச்சேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "இன்னிக்கு காலைல எங்க ஊட்ல சாப்ட்டனே, அதே ருசி. நீ எங்க ஊட்டுப் பொண்ணுதான் கண்ணு."

இவ்வளவு பாசத்தைப் பொய் சொல்லி வாங்கிவிட்டோமே என்று பானுவுக்கு உறுத்தியது. மாமியார் படுத்து எழுந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பாத்திரம் தேய்க்கப் போனாள்.

அதுவரை வாயே திறக்காத மாமனார் தட்சிணாமூர்த்தி, பின்னாலேயே பூனை நடையில் வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார்.

"ரெண்டு கரண்டி உறை குடும்மா. அங்க இருந்தத நான் தெரியாம தின்னு தீத்து ஆறு மாசம் ஆவுது, உங்கத்த தெனம் தோய்க்கிறது நான் மாத்தி வெச்ச கடைத் தயிரு."